மூன்றாம் கோட்டைத் தாண்டாத மணி

கிண்ணத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றியதும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கோகிலாவின் உள்ளங்கையில் ஒரு கரண்டி அளவுக்கு விழுந்தது. வெதுவெதுப்பு இல்லை. மெசினை வண்டியில் மாட்டி மூன்று நாளாகிறது, ஆறிப்போன தண்ணீர், பெட்ரோலும் துருவும் கலந்த வாசம். அந்த வாசத்துக்குச் சிலருக்குத் தலை வலிக்குமாம், அவளுக்கு வலிப்பதில்லை, அவளுக்கு அது ஆள் வீட்டுக்கு வந்த வாசம், நாற்பது நாள் கழித்துக் கதவைத் தட்டுகிற அப்பாவின் சட்டை வாசம், அதனால் உடனே கொட்டாமல் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் வாளியில் ஊற்றினாள். கிண்ணத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள். அடுத்தது ஃபில்டர், வெள்ளையாக வந்தது, இப்போது கருப்பட்டி நிறம், அதை எடுத்துவிட்டுப் புதுசு. கார் சைலன்சருக்குள் கம்பியை நீட்டினால் புகை இந்த ரப்பர் குழாய் வழியாக வரும், தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டுவிடும், கரியை ஃபில்டரில் விட்டுவிடும், மிச்சக் காற்று கண்ணாடிக் குழாயில் ஏறி மெசினுக்குள் போகும், மெசின் நம்பரைச் சொல்லும், நம்பர் நல்லதாக இருந்தால் வண்டிக்காரருக்குச் சான்றிதழ். இவ்வளவுதான் புகை டெஸ்ட். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் மிளகை விடச் சின்னதாக ஒரு மணி கிடக்கிறது. காற்று ஒழுங்காக ஓடினால் மணி ஐந்தாம் கோட்டில் மிதக்கும். சனிக்கிழமை காலையிலிருந்து மூன்றாம் கோட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது, மெசினும் ‘லோ ஃப்ளோ’ என்று சிவப்பில் எழுதிக்கொண்டு எந்த வண்டியையும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பத்தரைக்குச் சேலத்திலிருந்து இஞ்சினீயர் வருகிறார். வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட வேண்டும், அழுக்கு மெசினை அந்நிய ஆளிடம் காட்டக் கூடாது, வீட்டுக்கு ஒறம்பரைச் சனம் வரும்போது எச்சில் தட்டை மறைக்கிறோமே அப்படித்தான்.

தகரக் கொட்டகைக்கு வெளியே, பெட்ரோல் பங்க் ஓரத்து வேப்ப மரத்தடியில் அவள் வீட்டுக்காரன் மயில்சாமி போனில் பேசிக்கொண்டிருந்தான். தகரக் கதவு பாதி சாத்தியிருந்தும் ஒவ்வொரு சொல்லும் உள்ளே வந்தது. “ஆமாங்ணா. கௌகாத்தி லோடுக்கு நானே வாரனுங்ணா. பொழுதோட வந்தர்றேன். இல்லீங்ணா, ரோசன பண்ணியாச்சு. இஞ்சினீரு வாரேன்னிருக்காரு, வந்து பாக்கட்டும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. இன்னைக்கு அவரு சரி பண்ணிக் குடுத்தாலும் நாளைக்கு நான் திருப்பியும் கெடுப்பேன். ஸ்டேரிங்கு புடிச்ச கையிங்ணா இது. ஊசி வேலையெல்லாம் படிச்சவன் பாக்கோணும்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தப் பக்கம் லாரி முதலாளி சுப்பராயனும் சிரித்திருப்பார், கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே ஆறு வருஷம் அவர் லாரியைத்தான் மயில்சாமி ஓட்டினான், சிரித்துச் சிரித்தே ஆளைத் திருப்பிக் கூட்டிக்கொள்கிற மனுசன். கௌகாத்தி என்றால் போக வர முப்பது நாள், அங்கே லோடு கிடைக்காவிட்டால் நாற்பது. தூளியில் மகள் நிவிதா ஒரு காலை வெளியே தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வயசு முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, பதினெட்டு நாளில் லாரி கௌகாத்தி எல்லையைத் தொட்டிருக்காது, தொட்டிருக்குமோ, தெரியவில்லை, அப்பாவைக் கேட்டால் சரியாகச் சொல்வார்.

வியாழக்கிழமை மழையில் ஒரு பழைய கார் வந்தது. சைலன்சர் முழுக்கத் தண்ணீர். கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரைத் துப்பவிட்டு அப்புறம்தான் கம்பியை நீட்ட வேண்டும், மயில்சாமி அவசரத்தில் நீட்டிவிட்டான், அதில்தான் மெசினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்கிறான். சனிக்கிழமையிலிருந்து இதையே சொல்கிறான். சோற்றைப் பிசைகிறபோது சொல்கிறான், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவுகிறபோது சொல்கிறான். அவளும், ஆமாங்க, மழைதானுங்க, என்றாள், வேறு என்ன சொல்வது. பங்கில் பெட்ரோல் பிடிக்கிற தனம் அக்கா குடத்தை வைத்துக்கொண்டு இப்போதுதான் சன்னலில் நின்றுவிட்டுப் போனாள். “ஏம்புள்ள, உங்கூட்டுக்காரரு மூஞ்சியப் பாத்தா மெசினுக்குப் பதினாறாம் நாள் சாங்கியமாட்ட இருக்குது. போயி ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லக் கூடாதா?” கோகிலா தலை குனிந்துகொண்டு ஃபில்டர் உறையைப் பிரித்தாள். “கேட்டா வாயத் தொறக்கறியா பாரு. உனக்கும் லோ ஃப்ளோதான் அம்மிணி,” என்று சொல்லிவிட்டுத் தனம் அக்கா தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு குடத்தைத் தூக்கிப் போனாள். கோகிலாவுக்கும் சிரிப்பு வந்தது, தாமதமாக, அவள் போன பிறகு. எப்போதும் அப்படித்தான், சொல்ல வேண்டிய பதில்கூட ஆள் தெருமுனை திரும்பிய பிறகுதான் வரும். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் உள்ளேன் அம்மா என்று சொல்லத் தொண்டை திறக்கும்போது டீச்சர் அடுத்த பேருக்குப் போயிருப்பார்கள், ஆறாம் வகுப்பு வரை பாதி நாள் வந்தும் வராத கணக்கு.

பேசத் தெரியாதவளுக்குக் கை பேசும் என்று அம்மா யாரிடமோ சொன்னது ஞாபகம். பெருமையாகத்தான் சொன்னாள். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் லைன் வீடு, எந்த வீட்டிலும் ஆம்பளை இருக்க மாட்டான், எல்லாரும் லைனில், லாரியோடு வடக்கே போயிருப்பார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போகும், எட்டுக்கு வரும். அஞ்சரைக்கே அம்மா விளக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அம்மா கை பெரிய கை, கண்ணாடிக்குள் போகாது, கோகிலாவின் கைதான் மணிக்கட்டு வரை சறுக்கிக்கொண்டு போகும். அடுப்புச் சாம்பலைப் பழைய பனியன் துணியில் தொட்டு உள்ளே சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும், “பைய, பைய, ஒடஞ்சா ஒங்கொப்பன் வார வரைக்கும் இருட்டுதான்.” துடைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் அம்மா முகம் கோணலாக, கன்னம் மட்டும் பெருத்து, சிரித்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் மாதிரி ஒரு நேரம் அப்புறம் வரவில்லை. பட்டறையில் தகரம் தட்டுகிற சத்தம் அப்போதுதான் நிற்கும், பெயின்ட் வாசம் மட்டும் நிற்காது, எதிர் வீட்டில் யாரோ கடுகு தாளிப்பார்கள், அம்மா விரல் மடக்கி நாள் எண்ணுவாள், இன்னைக்கு நாக்பூர் தாண்டியிருக்கும், நாளைக்கு ஐதராபாத், மறுநாள் பெங்களூரு, விளக்கின் திரி மேலே ஏறும், கண்ணாடி பட்டென்று மஞ்சளாகும், அவள் துடைத்த கண்ணாடி. அப்புறம் ஒரு ராத்திரியோ விடியற்காலையோ அப்பா வந்து நிற்பார். குழந்தைவேலு டிரைவர். பையில் நாக்பூர் ஆரஞ்சு. “ஏனம்மிணி, ஆரு வந்துருக்கறதுன்னு தெரியிலயா?” தெரியும், வாசம் தெரியும், முகம்தான் தெரியாது, தாடி ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும், அம்மாவின் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு கண்ணால் பார்ப்பாள். முதல் நாள் வெட்கம், இரண்டாம் நாள் ஆரஞ்சை வாங்கிக்கொள்வாள், மூன்றாம் நாள் மடியில் உட்காரலாம் என்று மனசு நினைக்கும், நினைக்கும்போது கிளீனர் வந்து ஹாரன் அடிப்பான். இப்போது அப்பா வண்டி ஏறுவதில்லை, வீட்டில்தான் இருக்கிறார், மாதம் ஒருதரம் பார்க்கப் போனால், சாப்டயா, சாப்டனுங்க, அதோடு பேச்சு முடிந்தது, இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அந்த மூன்றாம் நாள் இன்னும் வரவில்லை. அவருக்கும் அந்த ஆசை இருக்கும்போல, கிளம்புகிறபோது நிவிதாவின் பாதத்தைப் பிடித்து ஒருதரம் அமுக்கிவிட்டு விடுவார், கோகிலாவின் கையைப் பிடித்தால் என்ன, பிடிக்க மாட்டார்.

மயில்சாமியும் டிரைவர்தான் என்று பெண் கேட்டு வந்தபோது அம்மா நாள் எண்ணுகிற விரல்களை மடியில் மடக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் அவன் கல்யாணமான இரண்டாம் வருஷமே, வயிற்றில் நிவிதா இருக்கிறாள் என்று தெரிந்த மாசமே, சாவியைச் சுப்பராயனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். சேலம் பக்கம் ஒருத்தரிடம் பழைய வேனோடு சேர்த்து இந்த மெசினை வாங்கினான். திருச்செங்கோடு ரோட்டில் ஒரு புளிய மரத்தடியில் வேனை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஏழு மாசம், அதை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது. முன் சீட்டில் அவள், பின்னால் மெசின். “வயித்துல இருக்கறதுக்குப் புகை ஆகாது, நீ கண்ணாடிய ஏத்திக்க,” என்பான், ஏற்றினால் வேகும், இறக்கினால் கத்துவான், பாதி ஏற்றி வைப்பாள். ஒரு ஆம்பளையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று அவளுக்கு அதற்கு முன்னால் தெரியாது. தயிர்ச்சோற்றுக்கு மோர்மிளகாயை முதலில் கடிப்பான், கடைசிவரை வைத்திருக்க மாட்டான், தூங்கினால் இடது கால் கிளட்ச் மிதிக்கும், இதெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வண்டி நம்பரை நோட்டில் எழுதுவது அவள் வேலை. ஆறாம் வகுப்போடு மறந்துபோன இங்கிலீஷ் எழுத்தெல்லாம் நம்பர் பலகையைப் பார்த்துத்தான் திரும்ப வந்தது. “அது வாலு வெச்ச ஓ இல்ல புள்ள, க்யூ,” என்று அவன் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, கேலி பண்ணினான், கேலியிலேயே இருபத்தாறும் வந்துவிட்டது. ஒருநாள் ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையத்தை எடுக்க அவன் ஸ்க்ரூ டிரைவரோடு மல்லுக்கு நின்றான், அவள் கீழே இறங்கி வந்து நகத்தால் எடுத்துக் கொடுத்தாள். அவள் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இனி இந்தக் கழுவற வேலயெல்லாம் உன்றதுதான்.” அன்றிலிருந்து கிண்ணமும் ஃபில்டரும் ரப்பர் குழாயும் அவள் பொறுப்பு, நிவிதா பிறந்து பங்க் ஓரத்து இந்தக் கொட்டகைக்கு வந்த பிறகும் அப்படியேதான். ஊரில் எத்தனையோ பேர் எதையெதையோ கொடுத்திருப்பார்கள் பெண்டாட்டிக்கு.

ரப்பர் குழாயை வெயிலில் உதறிக் காய வைத்துவிட்டு வந்தாள். இனி கண்ணாடிக் குழாய். மேல் திருகு மறையைத் தளர்த்தி, கீழ் மறையைத் தளர்த்தி, இரண்டு பக்க ரப்பர் வளையத்தையும் தட்டில் வைத்து, குழாயைச் சாய்த்து மணியை உள்ளங்கையில் விழவிட்டாள். விழவில்லை. தட்டினாள், விழுந்தது. மணியில் கரி இல்லை. குழாய்க்குள் பார்த்தாள், கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது, அடியில் மட்டும், காற்று நுழைகிற குறுகலான இடத்தில், ஒரு வளையம் மாதிரி ஏதோ மங்கல். காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டுச் சுழற்றினாள். நறநறவென்றது. வெளியே எடுத்துப் பார்த்தாள். கறுப்பாக வரும் என்று நினைத்திருந்தாள், புகை போகிற பாதையில் எது இருந்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும், இத்தனை நாள் இந்த மெசினில் அவள் துடைத்தெடுத்ததெல்லாம் கறுப்பு. இது வெள்ளை. வெள்ளையும் இல்லை, சாம்பல் நிறம். இரண்டு விரலில் தேய்த்தாள், காய்ந்த மாவு மாதிரி உதிர்ந்தது, மூக்கருகே கொண்டு போனாள், பெட்ரோல் இல்லை, துரு இல்லை, கற்பூர வாசம்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான், இடது கால் அசைந்துகொண்டிருந்தது, நிவிதாவும் தூக்கம், வண்டி இல்லை. கண்ணாடிக் குழாயில் பழுப்புப் படிந்து கோடே தெரியவில்லை. அதைத் தொட அவன் சொன்னதில்லை, தொடாதே என்றும் சொன்னதில்லை. ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றினாள். சாம்பல் வேண்டும், கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பல் ஏது, மணிபர்சில் மலைக்கோயில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது, சாம்பல்தானே அதுவும், பொடிசு வேறு, கண்ணாடியில் கீறாது. ஒரு சிட்டிகை. ஈரத்துணியில் தொட்டு, சுற்றிச் சுற்றி. மெசினுக்கும் நல்லது என்று நினைத்தாளா, நினைத்தாள், வாய்க்குள் சாமி பேரும் சொன்னாள், முந்தின நாள் மழையில் வந்த கார் அவளையும்தான் பயமுறுத்தியிருந்தது. துடைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது குழாய் அப்படி மின்னியது. எழுப்பிக் காட்டலாமா என்று நினைத்து, காட்டுவானேன், தானாகப் பார்க்கட்டும், பார்த்துக் கேட்கட்டும் என்று மாட்டி வைத்தாள். அவன் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் சிவப்பு எழுத்துதான் வந்தது. விளக்குக் கண்ணாடி இரண்டு பக்கமும் திறப்பு, உதறினால் சாம்பல் கீழே போய்விடும். இதற்கு அடியில் ஊசித் துவாரம். ஈரத்தில் இறங்கி அங்கேயே உட்கார்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. மழை இல்லை. காரும் இல்லை. மூன்று நாளாக அவன் சோற்றைப் பாதியில் வைத்தது, போனில் சிரித்தது, கௌகாத்தி, எல்லாம் ஒரு சிட்டிகை. மூன்று நாளாக, ஆமாங்க மழைதானுங்க என்று அவள் வேறு சொல்லிக்கொண்டு.

கை தானாக வேலையைத் தொடர்ந்தது. இன்னொரு குச்சி, இன்னொன்று, நான்காவது குச்சி வெள்ளையாகவே வந்தது. காய்ந்த துணியால் மணியைத் துடைத்தாள், வாயால் ஊதவில்லை, மூச்சு ஈரம். வளையங்கள், மறை, கிண்ணம், ஃபில்டர், ரப்பர் குழாய். சுவிட்சைப் போட்டாள். பம்ப் தூளியின் பக்கம் வண்டு மாதிரி முனகியது, நிவிதா ஒரு முறை முகத்தைச் சுளித்தாள், எழவில்லை. மணி நடுங்கியது. இரண்டு, மூன்று, மூன்றில் ஒரு கணம் நின்றது, அவளும் நின்றாள், நான்கு, ஐந்து. ஐந்தாம் கோட்டில் லேசாகச் சுற்றிக்கொண்டே மிதந்தது. சிவப்பு எழுத்து போய்விட்டது. சுவிட்சை நிறுத்தினாள். இதை யாரும் பார்க்கவில்லை. குச்சிகளைக் குப்பையில் போட்டுவிட்டால் போதும், இஞ்சினீயர் வருவார், போட்டுப் பார்ப்பார், நல்லாத்தான இருக்குது என்பார், தண்ணி காஞ்சிருக்கும் என்பார், போய்விடுவார். அவனும் போய்விடுவான். சரி பண்ணினாலும் திருப்பியும் கெடுப்பேன் என்று அவன் சொல்லியாயிற்று, மெசின் ஓடினாலும் அவன் கை கெட்ட கை என்பது அவனுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் அது சொல்லும். அதை எந்த இஞ்சினீயரும் கழற்றிக் கழுவ முடியாது. அவள் சொன்னால்தான் உண்டு. சொன்னால் என்ன செய்வான். திட்ட மாட்டான். அதுதான் பயம். சிரிப்பான், பங்கில் போய்ச் சொல்லுவான், மெசினுக்குத் திருநீறு பூசினாளாமா எம்பொண்டாட்டி, தனம் அக்கா ஒரு மாசத்துக்கு அதையே சொல்லுவாள், கார்க்காரர்கள் வரை போகும். சிரித்து முடித்துவிட்டு ஒருநாள் மெதுவாகச் சொல்லுவான், இனி நீ இதத் தொட வேண்டாம் புள்ள, நானே பாத்துக்கறேன் என்று. கிண்ணம் போய்விடும், ஃபில்டர் போய்விடும், காலையில் இந்தத் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்கிற அரை மணி நேரம் போய்விடும். போகட்டும். போகட்டும் என்று நினைக்கும்போதே நெஞ்சுக்குள் ஒன்று வேண்டாம் வேண்டாம் என்றது. எப்படி ஆரம்பிப்பது. ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். அப்படி ஆரம்பித்தால் காசு கேட்கப் போகிறாள் என்று நினைப்பான். ஏனுங்க, மெசினு சரியாப் போச்சுங்க. அப்படிச் சொன்னால் எப்படி என்பான், எப்படி என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏனுங்க, அந்த மழ இல்லீங்க. ஆமாம், அதுதான் சரி, முதலில் மழையை எடுத்துவிட வேண்டும், அப்புறம் காரை, அப்புறம் அவன் கையை, கடைசியில் மிச்சம் இருப்பது அவள்தான், அது தானாகவே, பொழுது சாயும்வரை நேரம் இருக்கிறது, இஞ்சினீயர் வந்து போகட்டும், மத்தியானம் சோறு போடும்போது, இல்லை, சோறு போட்டுவிட்டு, அவன் மோர்மிளகாயைக் கடித்த பிறகு,

“கோகிலா.” மரத்தடியிலிருந்து அவன் குரல். “அந்த நீலப் பையில என்ற லுங்கி ரெண்டும் சட்ட ரெண்டும் போட்டு எடுத்துட்டு வா. பொழுதோட இல்லியாமா, இப்பவே லோடு ஏத்தியாச்சு, லாரி பங்குகிட்ட வந்துட்டு இருக்குது. சித்தெ வெரசா வா.”

“வாரனுங்க,” என்றாள். பை ஆணியில் தொங்கியது. அவள் பையை எடுக்கவில்லை, சாம்பல் ஒட்டிய முதல் குச்சியை எடுத்துக்கொண்டாள். தகரக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கியபோது ரோட்டில் ஹாரன் கேட்டது. தனம் அக்கா பெட்ரோல் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள், பைக்குக்காரர் ஒருவர் பார்த்தார், பார்க்கட்டும், மயில்சாமி அவள் கையில் பை இல்லாததைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான், அவள் மூச்சு விடாமல், இத்தனை பேர் கேட்கிற சத்தத்தில், “ஏனுங்க, அந்த மழ இல்லீங்க, உங்க கையும் இல்லீங்க, வெள்ளிக்கெழம மத்தியானம் நீங்க தூங்கறப்ப நாந்தானுங்க அந்தக் கண்ணாடிக் கொழாயக் கழட்டித் திருநீறு போட்டுத் தொடச்சனுங்க,” என்றாள்.